சொரசொரப்பு: வழவழப்பான வெக்டர் படத்துக்குத் தோல் கொடுப்பது

பள்ளிக்கூடத்தில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்திருப்பீர்கள். எழுத்தும் விளிம்பும் தாளில் ஏறிவரும். கோயில் சுவரில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்துப் பதித்து, மை ஒற்றிக் கல்வெட்டைப் படியெடுக்கிறார்களே, அந்த மைப்படியும் ஏறக்குறைய இதே வேலைதான். இந்த அத்தியாயத்தில் நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். தேய்த்து எடுத்ததைக் கணினிக்குள் கொண்டுபோய், வரைந்த வடிவத்துக்குள் அடைக்கப்போகிறோம்.

மென்பொருள் இங்க்ஸ்கேப், பதிப்பு 1.0-க்குப் பிறகு வந்த எதுவானாலும் சரி. காசு கொடுக்க வேண்டியதில்லை. பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும், பயந்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு நுங்கு. சீவிய முகம் நம்மைப் பார்க்கிற மாதிரி, ஏ4 சுவரொட்டியில். வெளியே கறுத்த தோல், அதற்குள் வெளிர்நிற நார், நடுவில் மூன்று கண். ஒரே காயில் சொரசொரப்பும் நாரும் வழவழப்பும் இருப்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கேள்வி: படம் எங்கே போகப்போகிறது?

சொரசொரப்பைப் படத்தில் ஏற்ற மூன்று வழிகள் உண்டு.

புகைப்படத்தையோ ஸ்கேனையோ அப்படியே உள்ளே வைக்கலாம். பார்க்க இயல்பாக இருக்கும்; பெரிதாக்கினால் உடையும். ஸ்கேனை டிரேஸ் செய்து பாத்தாக மாற்றலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, நிறம் மாற்றலாம், ஆனால் கோப்பு கனக்கும். மூன்றாவது, ஃபில்டர் போட்டு மென்பொருளையே கணக்குப்போட்டு வரையச் சொல்லலாம். சொடுக்கில் முடிந்துவிடும், அச்சுக்குப் போகும்போது காலை வாரும்.

டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங், வினைல் வெட்டும் இயந்திரம் என்றால் டிரேஸ் மட்டும்தான். காகித அச்சு என்றால் மூன்றையும் கலக்கலாம். திரையில் மட்டும் பார்க்கிற படம் என்றால் விருப்பம்போல். இதை முடிவு செய்யாமல் தொடங்குகிறவர்கள் கடைசி நாளில் எல்லாவற்றையும் மறுபடி செய்கிறார்கள்.

தேய்த்து எடுத்தல்

இணையத்தில் டெக்ஸ்சர் கோப்புகள் கொட்டிக்கிடக்கின்றன. இருந்தாலும் சொந்தமாக எடுப்பதையே சொல்வேன். ஒரே கறைபடிந்த காகிதம் பத்துப் புத்தக அட்டைகளில் வந்து பல்லிளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தேவையானவை: ஏ4 தாள், 6பி பென்சில் அல்லது கறுப்பு மெழுகு கிரேயான், கறுப்பு மை, பழைய தட்டை பிரஷ், கிழிந்த துணி.

1. நுங்கின் தோலுக்கு அம்மிக்கல். புதிதாகக் கொத்திய அம்மியானால் யோகம்தான். உளி விழுந்த குழிகள் புள்ளிபுள்ளியாகத் தாளில் ஏறும். அம்மி இல்லாத வீட்டில் ஆட்டுக்கல், கருங்கல் படி, மொட்டைமாடியின் சிமெண்டுத் தரை எதுவும் ஆகும். கல் காய்ந்திருக்க வேண்டும்.

2. தாளின் மேல்விளிம்பை டேப்பால் கல்லில் ஒட்டுங்கள். தேய்க்கும்போது தாள் நகர்ந்தால் ஒவ்வொரு குழியும் இரட்டையாக விழும்.

3. பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கல்லின் முகம் போய்ப் பென்சிலின் கோடுதான் தெரியும்.

4. நாருக்கு வறண்ட பிரஷ். மையில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, தாளில் இழுங்கள். மயிர் மயிராகக் கோடு பிரிய வேண்டும். நுங்கின் நார் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போவதால் தாளிலேயே வட்டமாக, சக்கரத்தின் ஆரக்கால் போல இழுத்துவிடுங்கள். நேர்க்கோடாக இழுத்துவிட்டுக் கணினியில் வளைக்கலாமே என்று தோன்றும். தாளில் பத்து நிமிடம், கணினியில் ஒரு மணி நேரம்.

5. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தாள் எடுங்கள். நன்றாக வந்தது எது என்று கையில் இருக்கும்போது தெரியாது.

ஸ்கேனரில் வைக்கும்போது எச்சரிக்கை

ஈர மையை வைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டினால் அடுத்த நூறு ஸ்கேனிலும் அந்தக் கறை வரும். மணல், கல், மரப்பட்டை போன்றவற்றை நேரடியாக வைத்தால் கண்ணாடி கீறும். தடித்த ஓஎச்பி ஷீட் ஒன்றை விரித்து அதன்மேல் வையுங்கள். பென்சில் தூளை ஊதித் தள்ளாதீர்கள், பிரஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் தெறித்துத் தாளில் புள்ளி விழும்.

கிரேஸ்கேல், 300 டிபிஐ போதும். ஸ்கேனர் தானாகவே படத்தை 'மேம்படுத்தும்' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் தேடி எடுத்த அழுக்கைத்தான் அது துடைக்கும். செல்போனில் எடுப்பவர்கள் வெயில் படாத வாசலில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் நிழல் தாளின் ஒரு ஓரத்தில் விழுந்தாலும் டிரேஸ் செய்யும்போது அந்த ஓரம் முழுக்கக் கறுப்பாகிவிடும்.

அசல் ஸ்கேன்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

நுங்கை வரைதல்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். தோல் ஒரு வடிவம், நார் வளையம் ஒரு வடிவம், கண்கள் மூன்று, கீழே தரையில் விழும் நிழல் ஒன்று. பென் கருவியால் வரையுங்கள். வட்டக் கருவியால் வரைந்தால் நுங்கு பந்தாகிவிடும். விளிம்புக் கோடு வேண்டாம், நிறம் மட்டும் நிரப்புங்கள்.

வரைந்ததும் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமலேயே அது நுங்காகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வடிவத்தைத் திருத்துங்கள். டெக்ஸ்சர் போட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நம்பிக்கொண்டு போக வேண்டாம்; ஊசிப்போன குழம்புக்குத் தாளிப்பு எதற்கு?

ஸ்கேனை டிரேஸ் செய்தல்

1. ஃபைல் → இம்போர்ட். கேட்கும் பெட்டியில் 'எம்பெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'லிங்க்' கொடுத்தால் படம் உங்கள் கணினியில் இருக்கும், அச்சகத்தில் இருக்காது. எம்பெட் செய்தால் அந்தப் படக்கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்; பரவாயில்லை.

2. படத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் → டிரேஸ் பிட்மேப். பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும்.

3. 'சிங்கிள் ஸ்கேன்' தாவலில் 'பிரைட்னஸ் கட்ஆஃப்'. எண் 0.45-இல் நிற்கும். கூட்டினால் கறுப்பு பரவும். குறைத்தால் புள்ளிகள் உதிரும். அம்மித் தேய்ப்புக்கு மூன்று நான்கு எண்களை மாற்றி மாற்றி முன்னோட்டம் பாருங்கள். திரையில் கொஞ்சம் குறைவாகத் தெரிவதே நல்லது. நிறத்தின் மேல் வைக்கும்போது கூடுதலாகத் தெரியும்.

4. 'ஸ்பெக்கிள்ஸ்' என்ற எண்ணைக் கூட்டினால் மிகச் சிறிய புள்ளிகள் போய்விடும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு இது கட்டாயம். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளி துணியில் நிற்கும் என்று நான் நம்புவதில்லை.

5. 'அப்ளை' அழுத்துங்கள். ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். டிரேஸ் ஆன பாத் அசல் படத்தின் மேலேயே அச்சு அசலாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்து நகர்த்துங்கள், அடியில் உள்ள படத்தை அழியுங்கள். ஒன்றும் வரவில்லையென்று நினைத்து ஐந்து முறை அப்ளை அழுத்தி, ஐந்து பிரதிகளை அடுக்கிவைத்துவிட்டுக் கணினியைத் திட்டியவன் நான்.

6. நோட் கருவியைத் தேர்ந்தெடுத்துப் பாத்தைச் சொடுக்கி, எல்லா நோட்களையும் தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பட்டையில் எண்ணிக்கை தெரியும். சாதாரண மடிக்கணினிக்கு இருபதாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் கணக்கு. தாண்டினால் அழித்துவிட்டு, ஸ்கேனில் சின்னப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி டிரேஸ் செய்யுங்கள்.

இங்கே தொடாதே என்று இரண்டு

பாத் → சிம்ப்ளிஃபை: நோட் குறையும், உண்மை. கூடவே கூர்மையான குழிகளெல்லாம் கூழாங்கல்லாக உருண்டுவிடும். கல்லின் முகம் போய்விடும். ஸ்பெக்கிள்ஸ் எண்ணைக் கூட்டி மறுபடி டிரேஸ் செய்வதே மேல்.

பாத் → பிரேக் அபார்ட்: ஒரே பாத் ஆயிரக்கணக்கான துண்டாகச் சிதறும், இங்க்ஸ்கேப் உறைந்துபோகும். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

டிரேஸ், வெட்டு, கழித்தல் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் கோப்பைச் சேமியுங்கள். ஆட்டோசேவ் ஓடுகிறதா என்று பிரிஃபரன்சஸ் பெட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வடிவத்துக்குள் அடைத்தல்

1. தோல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, எடிட் → டூப்ளிகேட். கிளிப் செய்யும்போது மேலே உள்ள வடிவம் கத்தரிக்கோலாகிவிடும். அதன் நிறம் கண்ணுக்குத் தெரியாது. நகல் எடுக்காமல் செய்தால் தோலே காணாமல் போய்விடும்.

2. அம்மித் தேய்ப்பை நுங்கின் மேல் கொண்டுவந்து, நுங்கைவிடச் சற்றுப் பெரிதாக வையுங்கள்.

3. நகலை எல்லாவற்றுக்கும் மேலே உயர்த்துங்கள்: ஆப்ஜெக்ட் → ரைஸ் டு டாப்.

4. நகலையும் தேய்ப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் → கிளிப் → செட் கிளிப்.

வடிவத்துக்குத் தடித்த விளிம்புக் கோடு போட்டிருந்தால் சொரசொரப்பு கோட்டின் நடுவோடு நின்றுவிடும். கிளிப் கோட்டின் தடிமனைக் கணக்கில் எடுப்பதில்லை. விளிம்புக் கோடு வேண்டாம் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான்.

கிளிப் எதையும் வெட்டுவதில்லை. மறைக்க மட்டும் செய்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகள் கோப்பில் அப்படியே இருக்கும். வினைல் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருள் சில சமயம் கிளிப்பை மதிக்காமல் அவற்றையும் வெட்டப்பார்க்கும். அங்கே போகிற படத்துக்கு 4-ஆம் படியில் கிளிப்புக்குப் பதிலாகப் பாத் → இன்டர்செக்ஷன் கொடுங்கள். நேரம் எடுக்கும், கணினி தூங்கிவிட்டதென்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

நிறம்

புதிதாக வருகிறவர்கள் தேய்ப்பைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறார்கள். படம் கரி அப்பியதுபோல் ஆகிவிடுகிறது. நார் வளையத்தின் நிறம் வெளிர்மஞ்சள் என்றால், அதே மஞ்சளைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி வறண்ட பிரஷ் கோடுகளுக்குக் கொடுங்கள். ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில் எச்எஸ்எல் தேர்ந்தெடுத்து 'எல்' எண்ணைப் பத்துப் பதினைந்து குறைத்தால் போதும்.

தோலுக்கு நேர் எதிர். அது ஏற்கெனவே கருநிறம். அதன்மேல் இன்னும் கருமையான புள்ளி எதற்கு? தாளின் நிறத்தையே புள்ளிகளுக்குக் கொடுங்கள். பழைய லித்தோ சுவரொட்டியில் மை பிடிக்காமல் விட்ட இடம் போல, அடியில் இருக்கும் காகிதம் எட்டிப்பார்க்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் நிறம் கொடுப்பது போதாது, பாத் → டிஃபரன்ஸ் கொண்டு தோலில் உண்மையாகவே ஓட்டை போட்டுவிடுங்கள். அதற்குக் கிளிப்பை எடுத்துவிட்டு, தேய்ப்பு மேலேயும் தோல் கீழேயும் இருக்க வேண்டும்.

மூன்று கண்களையும் தொடாதீர்கள். அவை வழவழவென்று, ஒரே ஒரு வெளிச்சக் கீற்றோடு இருக்கட்டும். எல்லா இடத்திலும் சொரசொரப்பு இருந்தால் சொரசொரப்பே தெரியாது. தோல் கரடுமுரடாக இருப்பதால்தான் கண் நீர்கோத்துத் தளதளவென்று தெரிகிறது. என் மாணவர்களிடம் நான் அதிகம் சண்டைபோடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஒரே தேய்ப்பை இரண்டு நுங்குக்குப் போடுவதாக இருந்தால் ஒன்றைத் திருப்பி, கவிழ்த்து, அளவை மாற்றிப் போடுங்கள். ஒரே குழி ஒரே இடத்தில் இரண்டு முறை வந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

ஓரத்தில் கரைய வேண்டுமென்றால்

நார் உள்ளே அடர்ந்து வெளியே மங்க வேண்டும். கிளிப்புக்குப் பதில் மாஸ்க். நார் வடிவத்தின் நகலுக்கு வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் வட்ட கிரேடியன்ட் கொடுத்து, மேலே உயர்த்தி, தேய்ப்போடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் → மாஸ்க் → செட் மாஸ்க். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். தலைகீழாக வந்தால் கிரேடியன்ட்டைத் திருப்புங்கள்.

நிழலுக்கு ஃபில்டர்

1982-இல் வந்த 'டிரான்' படத்தில் வேலைபார்த்த கென் பெர்லினுக்குக் கணினிப் படங்களின் துடைத்துவிட்டாற்போன்ற வழவழப்பு பிடிக்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் பெர்லின் நாய்ஸ் என்னும் கணக்கு. 1997-இல் அதற்காக அவருக்கு ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. எஸ்விஜி ஃபில்டர்களில் மணல்போலவும் மேகம்போலவும் வரும் சொரசொரப்புக்கு அடியில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

1. படத்தின் இறுதி அளவை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபில்டர் போட்ட பிறகு வடிவத்தைப் பெரிதாக்கினால் மணலின் அளவு அதோடு ஒத்துப்போகாமல் தனியாகத் தெரியும்.

2. நிழல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டர்ஸ் → ஓவர்லேஸ் → நாய்ஸ் ஃபில்.

3. 'லைவ் பிரிவியூ'வை இயக்குங்கள். கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் கூட்டினால் பொடிமணல், குறைத்தால் மேகம். கிடைமட்டத்தை மட்டும் குறைத்தால் படுக்கை வாக்கில் கோடாக நீளும், பலகையின் ரேகைபோல.

4. நாய்ஸின் நிறத்தைத் தாளின் நிறமாக்கி, 'அப்ளை'.

ஃபில்டர் போட்டபின் திரை இழுத்து இழுத்து நகர்ந்தால், வியூ → டிஸ்பிளே மோட் → நோ ஃபில்டர்ஸ் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஃபில்டரின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நின்றால் ஃபில்டர் எடிட்டரில் அதன் எல்லையைப் பெரிதாக்குங்கள். வேண்டாமென்றால் ஃபில்டர்ஸ் → ரிமூவ் ஃபில்டர்ஸ்.

விளிம்பை மட்டும் கரடுமுரடாக்க ஃபில்டர் வேண்டாம். பாத் → பாத் எஃபெக்ட்ஸ் போய் 'ரஃபன்' சேருங்கள். அது உண்மையான பாத். வெட்டும் இயந்திரத்துக்கும் புரியும்.

எழுத்தில் கைவைக்கும் முன்

சுவரொட்டியில் 'நுங்கு' என்று எழுதுவீர்கள். தமிழ் எழுத்தில் சொரசொரப்பு போடுவதில் ஒரு தனி ஆபத்து உண்டு: புள்ளி. எழுத்தைச் சுற்றிப் பொட்டுப்பொட்டாக இறைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி எது, மணல் எது என்று தெரியாது. 'பல்' என்பது 'பல' ஆகும்; 'கண' என்பது 'கண்' ஆகும். கையால் எழுதியதை டிரேஸ் செய்தால் ஸ்பெக்கிள்ஸ் எண் புள்ளியையே குப்பையென்று துடைத்துவிடும். எனவே:

1. எழுத்தின் உட்புறத்தில் மட்டும் சொரசொரப்பு, வெளியே இறைக்காதீர்கள்.

2. புள்ளியின் மேல் எதுவும் வேண்டாம், அது முழுதாக நிற்கட்டும்.

3. பிழை திருத்தி முடித்தபின் பாத் → ஆப்ஜெக்ட் டு பாத். அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய்விடும். மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு அனுப்புதல்

என் முதல் சுவரொட்டியில் நிழல் முழுக்கக் கட்டம்கட்டமாக வந்தது. அச்சகத்தாரோடு அரை நாள் வாதாடினேன். தவறு என்னுடையது. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது இங்க்ஸ்கேப் ஃபில்டர்களைப் புள்ளிப்படமாக மாற்றுகிறது. அதற்கான டிபிஐ பெட்டியில் 96 என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

1. பிடிஎஃப் சேமிக்கும் பெட்டியில் ராஸ்டரைசேஷன் டிபிஐ 300 என்று மாற்றுங்கள்.

2. இன்னும் உறுதி வேண்டுமானால், பிரிஃபரன்சஸ் பெட்டியில் இம்போர்ட்டட் இமேஜஸ் பக்கத்தில் பிட்மேப் நகலின் அளவை 300 ஆக்கி, நிழலை மட்டும் தேர்ந்தெடுத்து எடிட் → மேக் எ பிட்மேப் காபி. அசல் நிழலை வேறு லேயருக்கு மாற்றி மறைத்துவையுங்கள்.

3. பிஎன்ஜி கேட்டால் பக்கம் முழுவதையும் 300 டிபிஐ-இல் ஏற்றுமதி செய்யுங்கள். ஏ4-க்கு 2480 × 3508 பிக்சல் என்று காட்ட வேண்டும். 794 × 1123 என்று காட்டினால் இன்னும் 96-இலேயே நிற்கிறீர்கள்.

4. உள்ளே வைத்த புகைப்படத்தின் உண்மை அளவைக் கணக்குப்போடுங்கள். 1200 பிக்சல் அகலப் படம் நான்கு அங்குலத்தில் 300 டிபிஐ. அதையே எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் 150-தான்.

5. கோப்பு ஆர்ஜிபி-யில் இருக்கிறது. அச்சகம் சிஎம்ஒய்கே-க்கு மாற்றும். கருநீலமும் ஊதாவும் மங்கும். ஒரு தாள் மாதிரி அடித்துப் பார்க்காமல் ஆயிரத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

6. வேறொருவர் எடுத்த டெக்ஸ்சரைப் பயன்படுத்தியிருந்தால் உரிமக் குறிப்பை இப்போதாவது படியுங்கள். 'இலவசப் பதிவிறக்கம்' என்பதற்கு விற்கலாம் என்று பொருளில்லை. சிசி0 என்றிருந்தால் கவலையில்லை. பெயர் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிடுங்கள்.

7. மூன்று கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள்: எல்லா லேயரும் உள்ள எஸ்விஜி, எழுத்து பாத்தாக மாறிய எஸ்விஜி, அச்சுக்கான பிடிஎஃப். பெயரில் தேதியைச் சேருங்கள். 'நுங்கு-இறுதி', 'நுங்கு-இறுதி-புதுசு', 'நுங்கு-இதுதான்-இறுதி' என்று வைத்தால் அச்சகத்துக்கு எது போனது என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது.